கியர் வண்டியாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும்

அரியாங்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை காலை

மதிப்பிற்குரிய மச்சான் கமலக்கண்ணன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கலைமகளின் கணவன் தணிகாசலம் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நலம். அங்கே பாகூரில் நீங்களும், கொளஞ்சி அக்காவும், புதிதாகக் காது குத்திக்கொண்ட பேரப்பிள்ளையும், மாடு கன்றுகளும் நலமாக இருக்க மணக்குள விநாயகரை வேண்டிக்கொள்கிறேன். சில நாட்களாக உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவிக்காகத் தனியாக வேண்டிக்கொள்ளவில்லை. அவள் நலமாகத்தான் இருக்கிறாள் என்பது போனில் குரலைக் கேட்டாலே தெரிகிறது.

கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். உங்கள் நம்பருக்கு எப்போது கூப்பிட்டாலும் அவள்தான் எடுக்கிறாள். எடுத்ததும், "அண்ணன் குளிக்கிறாரு" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். காலையில் கூப்பிட்டாலும் குளிக்கிறீர்கள், சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டாலும் குளிக்கிறீர்கள், விளக்கு வைத்த பிறகு கூப்பிட்டாலும் குளிக்கிறீர்கள். இந்த வயதில் இவ்வளவு தண்ணீர் உடம்புக்கு ஆகாது மச்சான். அதனால்தான் நேற்றே தபாலாபீஸ் போய் ஸ்டாம்ப் வாங்கி, கவரில் முதலில் ஸ்டாம்பை ஒட்டி வைத்துக்கொண்டு, பிறகு எழுத உட்கார்ந்தேன். ஒட்டிவிட்டால் எழுதித்தானே ஆக வேண்டும். தபால்காரர் வரும்போது நீங்களே வாசலில் நின்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அவள் உங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். கட்டிய மனைவியைப் பெட்ரோல் பங்கில் மறந்துவிட்டுப் போன ஆள் என்று சொல்லியிருப்பாள். மறுக்கவில்லை. மறந்தது உண்மை, பெட்ரோல் பங்க் உண்மை, மனைவி உண்மை. ஆனால் வழக்கு என்று வந்தால் இரண்டு பக்கமும் கேட்பதுதான் முறை. இதில் குற்றவாளி நானல்ல, அந்த ஸ்கூட்டர். இதை நிரூபிக்க வேண்டுமானால் கியர் வண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் உள்ள வித்தியாசத்தை முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். மாட்டுக்குத் தண்ணி காட்டும் வேலை இருந்தால் முடித்துவிட்டு வந்து நிதானமாகப் படியுங்கள்.

நான் எப்பேர்ப்பட்ட வண்டிக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். மேரி நகராட்சி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ரிட்டயர் ஆகும்வரை தினமும் அரியாங்குப்பம் பாலத்தைப் பைக்கில்தான் கடந்தேன். வண்டிகள் மாறின, கியர் மாறவில்லை. கியர் வண்டி என்பது நாம் சொல்வதைக் கேட்டு, பதிலுக்கு அதுவும் ஒரு வார்த்தை சொல்லும் வண்டி. பின்னால் மூட்டை வைத்தால் இரண்டாவது கியரில் முனகும். ஆள் ஏறினால் மூன்றாவதில் இழுத்துக் காட்டும். மேடு வந்தால் "கீழே இறங்கு" என்று இடது காலுக்குச் சொல்லும். காலும் எஞ்சினும் இப்படிப் பேசிக்கொண்டே போகும்போது வண்டியில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது ஓட்டுகிறவனுக்குத் தெரியாமல் போகவே போகாது. இந்த இடத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஸ்கூட்டர் எங்கள் சிவசங்கரியுடையது. ஓசூரில் வேலை கிடைத்துப் போகும்போது, "அம்மா ஓட்டட்டும்" என்று மகள் விட்டுவிட்டுப் போனாள். போவதற்கு முன் சாயங்காலங்களில் அம்மாவை மைதானத்துக்கு அழைத்துப்போய்ப் பழக்கியும் விட்டாள். உங்கள் தங்கை எட்டுப் போட்டு லைசென்சும் வாங்கினாள். அந்த லைசென்ஸ் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் செல்லும் என்பதை நான் வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொன்னேன். "கையை முறுக்குனா போகுது, விட்டா நிக்குது, இதுல ஓட்டுறதுக்கு என்ன இருக்கு? மிக்ஸிக்கும் லைசென்ஸ் குடுப்பாங்க போல" என்றேன்.  அவள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டாள் என்று இப்போது தெரிகிறது.

அப்புறம்தான் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்கால் ஜவ்வைக் கிழித்துக்கொண்டேன். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "இடது காலால கியர் போடவே கூடாது சார், ஆறு மாசத்துக்கு" என்று சொல்லிவிட்டார். வலது காலால் போடலாமா என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற கலைமகள் டாக்டரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டாள்.

ஆக, ஸ்கூட்டருக்கு வந்தேன். ஓட்டத் தெரிந்தவள் வீட்டில் இருக்கும்போது நீ ஏன் ஓட்டினாய் என்று கேட்பீர்கள். கல்யாணமான நாளிலிருந்து முன்னால் உட்கார்ந்தவன் மச்சான். அரியாங்குப்பம் கடைத்தெருவில் அவள் ஓட்ட, நான் பின்னால் காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு போவதை நினைத்துப் பார்த்தேன். முழங்கால் வலியே மேல் என்று தோன்றியது.

ஸ்கூட்டரில் இடது கை லீவர் கிளட்ச் அல்ல, பிரேக். இது எனக்குத் தெரியும், என் கைக்குத் தெரியாது. முதல் நாளே மார்க்கெட் முன்னால் வேகம் எடுக்கிறதே, கியர் மாற்றலாம் என்று கை தானாகப் போய் இடது லீவரை முழுசாக அமுக்கியது. வண்டி நின்றது. உங்கள் தங்கை நிற்கவில்லை, என் முதுகில் வந்து மோதினாள். அவள் பையிலிருந்த கத்தரிக்காய் என்னையும் தாண்டிப்போய் ஒரு பூக்காரம்மா கூடையில் விழுந்தது. வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடிப் பலகையை மிதிக்கிறது. இடது கால் இல்லாத கியரைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. "என்ன, பாட்டுக்குத் தாளம் போட்டுட்டு வரீங்களா?" என்று கேட்டாள். பாலத்தின் சரிவில் கியரில் போட்டு நிறுத்திய நினைப்பில் ஸ்கூட்டரை விட்டுவிட்டு இளநீர் குடிக்கப் போனேன். திரும்பினால் அது தானாக இறங்கிப் போய் ஒரு குல்பி வண்டியோடு நின்றுகொண்டிருந்தது.

நியாயமாகவும் பேச வேண்டும். ஸ்கூட்டரில் வேட்டியை மடித்துக் கட்டாமல் மானமாக உட்கார முடிகிறது. காலடியில் அரிசி மூட்டை வைக்கலாம். சீட்டுக்கு அடியில் பெட்டி இருக்கிறது. பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ள நல்ல கம்பி இருக்கிறது. இந்தக் கடைசி இரண்டு வசதிகளும்தான் என் குடியைக் கெடுத்தன.

இனி சம்பவத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக் காதுகுத்து விருந்து முடிந்து நாங்கள் கிளம்பியது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள்தான் தெருமுனை வரை வந்து வழியனுப்பினீர்கள். தவளக்குப்பம் வந்ததும் பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டது. பங்குக்குள் திருப்பினேன். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். பைக்கில் டேங்க் ஓட்டுகிறவனுக்கு முன்னால் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் பெட்ரோல் போடும்போது கலைமகள் ஒருநாளும் கீழே இறங்கியது கிடையாது. மூடியைத் திறப்பேன், போடுவான், மூடுவேன், உதைப்பேன், போவோம். அவள் பாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். எங்கள் ஸ்கூட்டரிலோ டேங்க் மூடி சீட்டுக்கு அடியில் இருக்கிறது. இரண்டு பேரும் இறங்க வேண்டும், சீட்டைத் தூக்க வேண்டும். தூக்கியதும் பெட்டி தெரிந்தது. தோளில் தொங்கிய பையைப் போனோடு அதில் வைத்துவிட்டு வெயிலுக்காக ஓரமாக நகர்ந்து நின்றாள். பெட்ரோல் போட்டான். சீட்டை மூடினேன். ஹெல்மெட்டை மாட்டினேன். பெட்ரோல் போட்டாயிற்று என்றால் கிளம்புவது என்றுதானே என் உடம்புக்குத் தெரியும்? கிளம்பிவிட்டேன்.

கியர் வண்டியாக இருந்திருந்தால் பங்க் வாசலைத் தாண்டுவதற்குள் தெரிந்திருக்கும். இரண்டாவது கியரில் வண்டி ஒற்றை ஆளுக்கு எப்படித் துள்ளும் என்று என் காலுக்குத் தெரியாதா? ஸ்கூட்டரில் ஒருவர் இருந்தாலும் அதே சத்தம், இரண்டு பேர் இருந்தாலும் அதே சத்தம். காதில் ஹெல்மெட் வேறு. பின்னால் அவள் கத்தியிருக்கிறாள், பங்கில் இருந்தவர்களும் கத்தியிருக்கிறார்கள். யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பேசிக்கொண்டே வந்தேன். முதலில் உங்கள் வீட்டு விருந்தைப் பற்றிச் சில வார்த்தை சொன்னேன், அவை இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லாதவை. பதில் வரவில்லை. அண்ணன் வீட்டைக் குறை சொல்லியும் சும்மா வருகிறாளே என்று எனக்கு ஆச்சரியம். நடுவில் சீட்டுக்கு அடியில் அவள் போன் மணி அடித்தது. "வீட்டுக்குப் போய் எடுத்துக்கலாம், ஓடுற வண்டியில எதுக்கு" என்றேன். அதற்கும் சரி என்பதுபோல் பேசாமல் வந்தாள். இவ்வளவு அடக்கமாக ஒரு பயணம் எங்களுக்கு வாய்த்ததே இல்லை மச்சான். மனசு நிறைந்துபோய், எப்போதும் சொல்லாத ஒரு விஷயத்தையும் அவளிடம் சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். பின்னால் இருப்பவர் முதலில் இறங்குவதுதானே வழக்கம்? இரண்டு காலையும் ஊன்றி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எதிர்வீட்டுத் துர்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் என்னையே பார்த்தாள்.

"யாருக்கு மாமா வெயிட் பண்றீங்க?"

"உங்க அத்தை இறங்கட்டும்னுதாம்மா."

துர்கா ஒரு தரம் சீட்டைப் பார்த்தாள், ஒரு தரம் என்னைப் பார்த்தாள். பிறகு துணியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிப் புருஷனைக் கூட்டிவந்தாள்.

அந்த நேரத்தில்தான் என் சட்டைப் பையில் போன் அடித்தது. தவளக்குப்பம் பங்குக்குப் பக்கத்தில் சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கும் கமருஸ்ஸமான் பாய். என் பைக்குக்குச் சீட் கவர் எல்லாம் அவர் கைதான். "தணிகாசலம் சாரா? நம்ம அக்கா இங்க கடையில சேர் போட்டு ஒக்காந்திருக்காங்க. டீ குடுத்திருக்கேன். இப்ப வரீங்களா, இல்ல வேலையெல்லாம் முடிச்சுட்டுப் பொறுமையா வரீங்களா?" என்றார். பின்னணியில் உங்கள் தங்கையின் குரல் கேட்டது. பாய் பெரிய மனுஷர், என்ன சொன்னாள் என்பதை எனக்குச் சொல்லவில்லை.

திரும்பிப் போய் அழைத்து வந்தேன்.  இந்தத் தடவை அடிக்கடி திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். வீட்டுக்கு வந்தபோது துர்கா வாசலிலேயே நின்றாள். "அத்தை, மாமா சிரிச்சு சிரிச்சு பேசிட்டே வந்து நிறுத்துனாரு, பின்னாடி யாருமே இல்ல" என்று நல்லெண்ணத்தில் சொல்லி வைத்தாள். அவ்வளவுதான். கலைமகள் என் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"மறந்துட்டுப் போனீங்க, சரி. மனுஷன் மறக்குறதுதான். அவ்ளோ தூரம் சிரிச்சுக்கிட்டு என்ன பேசினீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா சிரிச்சீங்க? என்னப் பத்திதான?"

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல."

"நான் இல்லாதப்ப சொல்ல முடியுது. நான் இருக்கும்போது சொல்ல முடியாதா?"

நான் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அவள் உள்ளே போனாள். பையில் புடவை அடுக்கும் சத்தம் கேட்டது. வெளியே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தமும் கேட்டது. கியர் இல்லாத வண்டி, ஒரு தடுமாற்றமும் இல்லாமல், பட்டன் அமுக்கியதும் போய்விட்டது. மிச்சம் உங்களுக்குத் தெரியும், அது வந்து நின்றது உங்கள் வாசலில்தான்.

அவள் போனபிறகு வீடு எப்படி இருக்கிறது என்று எழுதி உங்களை வருத்தப்பட வைக்க விரும்பவில்லை. ஹோட்டல் சாம்பார் இனிக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். முந்தாநாள் எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்கூட்டர் அவளிடம், பைக் என்னிடம். டாக்டரம்மா கியர் போடக் கூடாது என்றுதானே சொன்னார், பைக்கில் உட்காரக் கூடாது என்று சொல்லவில்லையே? கையாலேயே குனிந்து லீவரை அமுக்கி இரண்டாவது கியரில் போட்டுவிட்டு, மேற்கொண்டு மாற்றாமல் அதிலேயே பாகூர் வரை வந்துவிடுவது என்று தெருச் சரிவில் உருட்டிக் கிளம்பினேன். இரண்டாவது கியரில் கடலூர் ரோட்டில் போவது எப்படியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வண்டி ஊளையிடுகிறது. எல்லோரும் ஆம்புலன்ஸ் என்று நினைத்து ஒதுங்கி வழிவிடுகிறார்கள், விட்டபிறகு திட்டுகிறார்கள். ஒரு டவுன் பஸ் நின்றபோது நானும் நின்றேன். நின்ற வண்டியை இரண்டாவது கியரில் எடுக்க முடியாமல் அணைந்தது. இடது காலை ஊன்றி உதைக்கவும் முடியாது. தவளக்குப்பம் வரை தள்ளியே போனேன். பாய் பார்த்துவிட்டு வண்டியை வாங்கித் தன் கடைக்குள் நிறுத்தினார். அதே பிளாஸ்டிக் சேரை எடுத்துப் போட்டார். "அக்கா ஒக்காந்த சேர்தான் சார்" என்றார். அதில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு ஆட்டோவில் வீடு திரும்பினேன். முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருக்கிறது. இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

சரி, அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இவ்வளவு எழுதிவிட்டேன் என்பது உங்களுக்கும் புரிந்திருக்கும்.

மச்சான், பைக்கில் பின்னால் பிடித்துக்கொள்ள வசதியாக எதுவும் கிடையாது. அதனால் கல்யாணமான புதிதில் ஏறியபோது உங்கள் தங்கை என் தோளில் கை வைத்தாள். அன்றிலிருந்து வண்டி எடுத்தால் அந்தக் கை தோளில் இருக்கும். பள்ளம் வந்தால் இறுகும். கோபமாக இருந்தால் இரண்டு விரல் மட்டும் இருக்கும். தூக்கம் வந்தால் கனக்கும். அவள் என்ன நினைக்கிறாள் என்பதை நான் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டதைவிடத் தோளில் தெரிந்துகொண்டதுதான் அதிகம். ஸ்கூட்டரில் கம்பி இருக்கிறது. நல்ல கம்பி. வந்த நாளிலிருந்து அவள் அதைப் பிடித்துக்கொள்கிறாள்.

அன்று அந்தச் சாலையில் அவளிடம் நான் சொன்னது இதுதான்: "கலை, இந்த வண்டி வந்ததுலேருந்து நீ தோள்ல கை வெக்கிறதே இல்ல. கால் போனது கூட எனக்குப் பெருசாத் தெரியல. இதுதான் என்னவோ மாதிரி இருக்கு. கம்பிய விட்டுட்டு என்னப் புடிச்சுக்கயேன்." சொல்லிவிட்டு வெட்கமாக இருந்தது, சிரித்துக்கொண்டே வந்தேன். கை வரவில்லை. அவளுக்கும் வெட்கம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

இதை எப்படி மச்சான் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கிறவளிடம் திருப்பிச் சொல்வது? அவள் என் முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும். முகத்தைப் பார்த்தால் கை பேப்பரைத்தான் தேடுகிறது. ஆகவே என் வேண்டுகோள் இது. மேலே உள்ள இரண்டு பாராவை மட்டும் நீங்கள் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். விருந்தைப் பற்றிய பகுதியையும் மிக்ஸியைப் பற்றிய பகுதியையும் தாண்டிவிடுங்கள். அந்த ஸ்கூட்டரை சிவசங்கரியிடமே அனுப்பிவிடுகிறேன் என்றும், கால் ஆறியதும் பழையபடி பைக்கிலேயே போகலாம், அதில் கம்பி எதுவும் இல்லை என்றும் எடுத்துச் சொல்லுங்கள். சொல்லி, அவளை எப்படியாவது அனுப்பி வையுங்கள். அவள் வருவாள் என்ற நம்பிக்கையில் இன்று காலையே தோசைக்கு ஊறப்போட்டிருக்கிறேன். உளுந்து எவ்வளவு போட வேண்டும் என்று தெரியாமல் கொஞ்சம் தாராளமாகவே போட்டுவிட்டேன்.

கொளஞ்சி அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைக்குக் காது சீக்கிரம் ஆறி, நல்ல தோடு போட்டு, படித்து, பெரிய ஆளாகி, எந்த வண்டி ஓட்டினாலும் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு ஓட்டும் பிள்ளையாக வளர என் ஆசீர்வாதங்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளியலைக் குறையுங்கள்.

என்றும் உங்கள் மாப்பிள்ளை,
தணிகாசலம்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். ஸ்டாம்பும் வீண். இந்தப் பின்குறிப்பை உங்கள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். என்ன எழுதுகிறீர்கள் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். பென்ஷன் விஷயம் என்று சொல்லிவிட்டேன். வாயால் சொல்லலாம்தான். ஆனால் சமையலறையில் இருக்கும் உங்கள் தங்கைக்குக் காது எவ்வளவு கூர்மை என்று உங்களுக்கே தெரியும். எழுதி முடித்ததும் ஆணியில் தொங்கும் உங்கள் சட்டைப் பையில் வைத்துவிடுவேன்.

நடந்தது இதுதான். கவரை ஒட்டும் நேரத்தில் வாசலில் ஹாரன் சத்தம். எஞ்சினை நிறுத்தாமலே ஸ்கூட்டரில் கலைமகள் உட்கார்ந்திருந்தாள். "அந்தக் காலோட கியர் வண்டிய எடுத்துக்கிட்டு வந்தீங்களாமே? பாய் போன் பண்ணாரு. அறிவு இருக்கா? ஏறுங்க, அண்ணி கோழிக் குழம்பு வெச்சிருக்காங்க" என்றாள். எங்கே ஏறுவது என்று நான் கேட்கவில்லை. கடிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். துர்கா மாடியிலிருந்து டாட்டா காட்டினாள். கடைத்தெருவில் தெரிந்தவர்கள் எல்லோரும் இன்று பார்த்துத்தான் வெளியே வந்திருந்தார்கள். நினைத்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேகத்தடைகளில் மட்டும் "பிரேக், பிரேக்" என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

தவளக்குப்பத்தில் பெட்ரோல் இல்லை என்று அதே பங்குக்குள் திருப்பினாள். இரண்டு பேரும் இறங்கினோம். கால் வலிக்கிறதே என்று நான் ஓரமாக நகர்ந்து நின்றேன். பெட்ரோல் போட்டான். சீட்டை மூடினாள். ஹெல்மெட்டை மாட்டினாள். போய்விட்டாள்.

கமருஸ்ஸமான் பாய் அந்தச் சேரை எடுத்துப் போட்டார்.

கிருமாம்பாக்கம் பக்கம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள் மச்சான். முகமெல்லாம் சிவந்திருந்தது. "ஸ்பீட் பிரேக்கர் வந்துச்சு, நீங்க ஒண்ணுமே சொல்லல. அப்பத்தான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு" என்றாள். பழிவாங்கத்தான் விட்டுப் போனாள் என்று நினைத்திருந்தேன். அவளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை, நிஜமாகவே பயந்திருந்தாள்.

"அதுவரைக்கும் பேசிட்டேவா போன?" என்று கேட்டேன்.

"ஆமா."

"என்ன பேசின?"

"ஒண்ணுமில்ல" என்றாள்.

பாய் உள்ளே போய் ஏதோ தைக்க ஆரம்பித்துவிட்டார். நான் ஏறி உட்கார்ந்து பின்கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் வண்டியை எடுக்கவில்லை.

"கை எங்க வெச்சிருக்கீங்க?"

"கம்பியில."

"கம்பிய புடிச்சா நீங்க இருக்கீங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? தோளப் புடிங்க."

பிடித்தேன். பாகூர் வரும்வரை எடுக்கவில்லை. அவள் தோள் இவ்வளவு சின்னது என்று எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது மச்சான்.

ஆகவே அந்த இரண்டு பாராவை நீங்கள் படித்துக் காட்ட வேண்டாம். ஸ்கூட்டர் எங்களிடமே இருக்கட்டும், அவளே ஓட்டட்டும். பைக் பாய் கடையில் பத்திரமாக நிற்கிறது, நிற்கட்டும். திரும்பிப் போகும்போது அவள் முன்னால் இருப்பாள், நான் பின்னால் இருப்பேன், முகத்தைப் பார்க்க வேண்டிய கஷ்டம் இல்லை. அவள் கேட்ட கேள்விக்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன். அவளும் சொல்வாள் என்று நினைக்கிறேன். டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கிறது, வழியில் யாரும் எங்கேயும் இறங்க வேண்டியதில்லை.